பழைய முகம், புதுக் குரல்

'ஆர்கன்' என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணும் கிட்னியும்தான் ஞாபகம் வந்திருக்கும். தப்பில்லை. நான் சொல்ல வந்தது சர்ச்சில் இருக்கும் ஆர்கன். ஆள் உயரத்துக்கு மேல் குழாய் குழாயாக நிற்குமே, அந்த பைப் ஆர்கன். ஆனால், கட்டுரை முடிவதற்குள் அந்தக் கிட்னி சமாச்சாரத்துக்கும் ஒரு தடவை வரவேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யந்திரத்தைப் பார்த்துவிடுவோம். ஹார்மோனியம் தெரியும் அல்லவா? பின்னால் துருத்தி, உள்ளே காற்று, கட்டையை அழுத்தினால் ஒரு பித்தளை நாக்கு அதிர்கிறது. பைப் ஆர்கன், ஹார்மோனியத்துக்குப் பெரியப்பா முறை. இதில் நாக்குக்குப் பதில் குழாய். ஒரு குழாய்க்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் தெரியும். புல்லாங்குழல் மாதிரி துளையை மூடித் திறக்கும் வித்தையெல்லாம் கிடையாது. ஆகவே, எத்தனை ஸ்வரம் வேண்டுமோ அத்தனை குழாய். அதே ஸ்வரங்கள் வேறொரு குரலில் வேண்டுமென்றால் இன்னொரு வரிசைக் குழாய்கள். ஒவ்வொரு வரிசையையும் திறந்து மூட ஒரு குமிழ். அதற்கு 'ஸ்டாப்' என்று பேர். சில குழாய்கள் விசில் போல ஊதும். சிலவற்றுக்கு நாகஸ்வரத்துச் சீவாளி மாதிரி உள்ளே நாக்கு உண்டு. சைஸ், சுண்டுவிரலில் ஆரம்பித்து 32 அடி வரை போகும். 32 அடிக் குழாய் விநாடிக்கு ஏறக்குறைய 16 தடவை அதிரும். அதைக் காது கேட்பதைவிட, நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுதான் அதிகம் கேட்கும்.

கரன்ட் வருவதற்கு முன்னால் துருத்தியை மிதிக்க ஆள் போட்டிருந்தார்கள். பாஹ் மேலே உட்கார்ந்து வாசிக்கும்போது பின்னால் யாரோ வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள் பேரையெல்லாம் சரித்திரம் எழுதிவைப்பதில்லை.

இன்னொரு விஷயம் முக்கியம். ஆர்கனைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து வைக்க முடியாது. குழாய்களைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, அந்தச் சர்ச்சின் எதிரொலிக்கு ஏற்றபடி ஒவ்வொன்றின் வாயையும் திருத்திக் குரல் சேர்ப்பார்கள். அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. வேறு சர்ச்சுக்குத் தூக்கிப் போனால் அதே சத்தம் வராது. பாதி வாத்தியம் குழாய் என்றால், மீதிப் பாதி சுவர்.

அப்படியானால் சுவர் இடிந்து போனால்?

*

ஜெர்மனியில் டிரெஸ்டன் என்று ஓர் ஊர். எல்பே நதிக்கரை. அங்கே ஃபிராவென்கிர்ஷே என்ற சர்ச்சை 1726-ல் கட்ட ஆரம்பித்தார்கள். கியோர்க் பேஹ்ர் என்ற தச்சுக் கலைஞர்தான் அதன் சிற்பி. தச்சர் என்றால் மரத்தில் கூரை போடுவார் என்று நினைப்போம். மனுஷன் கல்லில் ஒரு மகா கோபுரக் கவிகையை எழுப்பினார். சுமார் 12,000 டன் எடை. கவிழ்த்து வைத்த மணி மாதிரி இருந்ததால் ஊர்க்காரர்கள் அதைக் 'கல் மணி' என்றே சொன்னார்கள். அதை முழுசாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1738-ல் இறந்துபோனார். உச்சி வேலை முடிந்தது 1743-ல்.

சர்ச் முழுசாவதற்கு முன்பே ஆர்கன் வந்துவிட்டது. செய்தவர் காட்ஃப்ரீட் ஸில்பர்மான். பேரிலேயே வெள்ளி இருக்கிறது. அவருடைய ஆர்கன்களின் சத்தமும் வெள்ளி மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னார்கள். சாக்ஸனியில் ஒரு சின்னக் கிராமத்தில் 1683-ல் பிறந்தவர். தச்சர் மகன். தொழில் கற்றுக்கொண்டது சொந்த ஊரில் இல்லை. அண்ணன் ஆண்ட்ரியாஸிடம், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில். ஊர்ப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1710 வாக்கில் ஊர் திரும்பி, வாழ்நாளில் ஏறத்தாழ ஐம்பது ஆர்கன்கள் செய்தார். முப்பது இன்னமும் வாசிக்கிற நிலையில் இருக்கின்றன. முந்நூறு வருஷத்து மிஷின் வேறு எதுவாவது இப்படி ஓடுகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபிராவென்கிர்ஷேயில் அவர் வைத்தது 43 ஸ்டாப், மூன்று கட்டை வரிசை. அது அங்கே ஒலிக்கத் தொடங்கியது 1736 நவம்பர் கடைசியில். டிசம்பர் 1-ம் தேதி, மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை அதில் வாசித்தவர் யோஹான் செபாஸ்டியன் பாஹ். அந்த நவம்பரில்தான் அவருக்கு சாக்ஸனி அரசவைக் கம்போஸர் என்ற பட்டம் கிடைத்திருந்தது. கேட்க வந்தவர்களில் ரஷ்யத் தூதர் கைசர்லிங் உண்டு. 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' பற்றிச் சொல்லப்படும் அந்தத் தூக்கம் வராத பிரபு இவர்தான். தலைக்கு மேல் கவிகை இன்னும் முடியாத சர்ச்சில், டிசம்பர் குளிரில், இரண்டு மணி நேரம். அன்றைக்கு என்னென்ன வாசித்தார் என்று ஒரு குறிப்பும் இல்லை. இந்த மாதிரி நேரங்களில்தான் சரித்திர ஆசிரியர்கள் மேல் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு இருநூறு வருஷம். சும்மா விடுவார்களா? 19-ம் நூற்றாண்டில் ஒரு ரசனை, 20-ம் நூற்றாண்டில் வேறு ரசனை. ஒவ்வொரு தலைமுறையும் ஸில்பர்மானின் ஆர்கனைத் திறந்து தனக்குப் பிடித்த மாதிரி கூட்டிக் குறைத்துவிட்டது. இந்த விஷயத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள். இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று 2010-ல் ஒரு வரலாற்றாசிரியர் குழு ஆராய்ந்து சொன்னது. லட்சக்கணக்கு என்று பிரசாரத்துக்காகக் கிளப்பிவிட்ட எண்ணிக்கைகள் பொய். 25,000-மே நெஞ்சு நடுங்கப் போதும். சர்ச் உடனே விழவில்லை. உள்ளே தீ. மணற்கல் தூண்கள் சூடேறிச் சூடேறி, 15-ம் தேதி காலை பத்து மணி வாக்கில் தாங்க முடியாமல் நொறுங்கின. கல் மணி உள்ளே விழுந்தது. ஆர்கனில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. தகரமும் ஈயமும் கலந்த குழாய்கள் அந்தச் சூட்டில் மெழுகு மாதிரிதான்.

*

நாற்பத்தைந்து வருஷம் ஒரு கற்குவியலாகவே கிடந்தது. கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் அதைப் போரின் நினைவுச் சின்னம் என்று அப்படியே விட்டிருந்தது. எண்பதுகளில் ஒவ்வொரு பிப்ரவரி 13 அன்றும் இளைஞர்கள் அங்கே மெழுகுவத்தியோடு வந்து நின்றார்கள். 1990-ல், பெர்லின் சுவர் விழுந்த கையோடு, ஊர்க்காரர்கள் சிலர் உலகத்துக்கு ஒரு கோரிக்கை விட்டார்கள். திரும்பக் கட்டுவோம், உதவுங்கள் என்று.

உதவினார்கள். மொத்தச் செலவு சுமார் 18 கோடி யூரோ. அதில் பாதிக்கு மேல் நன்கொடை. 1999-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கிய குந்தர் ப்ளோபெல் சிறுவனாக அந்த ஊரின் அழிவைப் பார்த்தவர். பரிசுப் பணத்தை டிரெஸ்டனுக்கே கொடுத்துவிட்டார். இந்தச் சர்ச்சுக்கும், நாஜிகள் எரித்த யூதர் ஆலயத்துக்குப் பதிலாக எழும்பிய புது ஆலயத்துக்கும். உச்சியில் நிற்கும் தங்கச் சிலுவை லண்டனில் செய்து வந்தது. செய்தவர்களில் ஒருவரின் அப்பா, டிரெஸ்டன் மேல் குண்டு போடப் போன விமானி. இதைக் கதையில் எழுதினால் 'ரொம்ப சினிமாத்தனம்' என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

கட்டிய விதத்தைக் கேளுங்கள். 1993-லிருந்து குவியலைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் அளந்து, படம் பிடித்து, எங்கே விழுந்து கிடந்தது என்பதை வைத்து எங்கே இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பழைய கற்கள் மறுபடி பழைய இடத்துக்கே போயின. பழசு கறுப்பு, புதுசு வெளிர் மஞ்சள். ஆகவே, இன்றைக்கு அந்தச் சர்ச்சைப் பார்த்தால் உடம்பெல்லாம் கரும்புள்ளி. அழகு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அது உண்மை பேசுகிறது. உள்ளே உள்ள ஆல்டரையும் சுமார் 2,000 உடைந்த துண்டுகளிலிருந்துதான் ஒட்டிச் சேர்த்தார்கள். காயங்களை மறைக்கவில்லை.

அந்த ஆல்டருக்கு நேர் மேலேதான் ஆர்கன். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

*

2000-களின் தொடக்கத்தில் ஜெர்மன் பத்திரிகைகளில் 'டிரெஸ்டன் ஆர்கன் சண்டை' என்றே அதற்குப் பேர். ஒரு கட்சி சொன்னது: கட்டிடத்தை பேஹ்ர் கட்டியபடி கட்டுகிறீர்கள். ஆர்கனையும் ஸில்பர்மான் செய்தபடியே செய்யுங்கள். அதே 43 ஸ்டாப். கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா? இன்னொரு கட்சி சொன்னது: இது மியூசியம் இல்லை, ஜனங்கள் வந்து பாடும் சர்ச். பாஹ்கூட சரி. அவருக்குப் பின்னால் வந்த மெண்டல்ஸன், ஃப்ராங்க், மெஸியான் எல்லாம் எங்கே வாசிப்பது? 1736-ல் செய்த கருவியில் அவர்களுடைய இசை உட்காராது.

கடைசியில் ஜெயித்தது இரண்டாவது கட்சி. வேலை டேனியல் கெர்ன் என்பவரிடம் போனது. ஸில்பர்மானின் ஸ்டாப்களை ஆதாரமாக வைத்துக்கொண்டு, 60-க்கும் மேலான ஸ்டாப், கிட்டத்தட்ட 4,900 குழாய் என்று வளர்த்தார். மூன்று கட்டை வரிசை நான்கானது. நான்காவது, 19-ம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பாணி. சத்தத்தைக் கதவு மூடித் திறந்து ஏற்றி இறக்கும் வகை. ஆனால், வெளிக்கூடு மட்டும் அச்சு அசல் 18-ம் நூற்றாண்டு. தங்க வேலைப்பாடு, வளைவு, நெளிவு எல்லாம் பழைய படி. 2005 அக்டோபர் 30 அன்று சர்ச் திறக்கப்பட்டபோது அதுதான் முழங்கியது.

நீங்கள் எந்தக் கட்சி? முடிவு செய்வதற்கு முன் ஒரு வீட்டு உதாரணம். பாட்டியின் பழைய காசுமாலை இருக்கிறது. அழித்து, இன்றைய டிசைனில் நெக்லஸ் பண்ணிப் பேத்தி போட்டுக்கொள்கிறாள். அது பாட்டி நகையா? "தங்கம் பாட்டியோடது" என்று சொல்லிக்கொள்ளலாம். சரி, மாலை திருட்டுப் போய்விட்டது. கல்யாண போட்டோவைப் பார்த்து ஆசாரி அதே மாதிரி ஒன்று செய்து தருகிறார். இப்போது? தங்கமும் வேறு, கையும் வேறு, டிசைன் மட்டும் அதே. இது பாட்டி நகையா?

டிரெஸ்டனில் சர்ச் முதல் ரகம். தங்கம் கொஞ்சமாவது பழசு. ஆர்கன் இரண்டாவது ரகம். ஒரு குழாய்கூட மிஞ்சவில்லை. ஸில்பர்மான் அந்தக் குழாய்களின் வாயை எப்படித் திருத்தினார் என்பது காகிதத்தில் இல்லை. அது அவர் விரலில் இருந்தது. அவருடைய மற்ற ஆர்கன்களைப் பார்த்து ஊகிக்கலாம். அப்புறம், எந்த ஸில்பர்மான் ஆர்கனைத் திரும்பச் செய்வது? 1736-ல் இருந்ததையா, எரிந்த அன்று இருந்ததையா? நடுவே எத்தனை கை பட்டது என்று ஞாபகம் வைக்கச் சொன்னேனே.

இன்னொரு விஷயம், முதல் கட்சிக்காரர்கள் அதிகம் பேசாதது. ஃபிராவென்கிர்ஷேயிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் டிரெஸ்டனின் கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது. அங்கே இருப்பது ஸில்பர்மானின் கடைசி ஆர்கன். அந்த வேலை நடக்கும்போதுதான் 1753-ல் அவர் இறந்தார். மற்றவர்கள் 1755-ல் முடித்தார்கள். 1944-ல் யாரோ புத்திசாலிகள் அதன் குழாய்களைக் கழற்றிப் பத்திரமாக வெளியூர் அனுப்பிவிட்டார்கள். குண்டில் கூடு எரிந்தது, குழாய்கள் பிழைத்தன. இன்றைக்கும் ஒலிக்கின்றன. அசல் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, ஊகத்தில் ஒரு நகல் எதற்கு? அந்த முடிவு சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

*

முடிவு சரி. ஆனால், என் புகார் வேறு.

இரண்டு ஆர்கன்களின் பதிவுகளையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சில ராத்திரிகள் மாற்றி மாற்றிக் கேட்டேன். பேராலயத்து ஆர்கனில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, வெளிச்சமாகக் கேட்கிறது. பாஹின் ஃப்யூகில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் நான்கு பேர் பேசுவதும் புரிகிறது. கெர்னுடைய ஆர்கன் இன்னும் அகலம். ஃப்ராங்க் வாசிக்கும்போது அலை மாதிரி எழும்பி வந்து மூடுகிறது. அதில் பாஹ் மோசமா? இல்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால், அது எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கும் மனிதரின் குரல். பாஹுக்கும் கொஞ்சம், பாரீஸுக்கும் கொஞ்சம். ஸில்பர்மான் அப்படி இல்லை. அவர் ஒரு கட்சி. 'நான் இப்படித்தான், பிடித்தால் கேள்' என்கிற குரல் அது.

இதுகூடப் பெரிய குறையில்லை. குறை வெளிக்கூட்டில். கல் சுவர், 'நான் உடைந்தேன், சேர்த்தார்கள்' என்று கறுப்புப் புள்ளிகளால் சொல்கிறது. கீழே ஆல்டர் சொல்கிறது. மேலே ஆர்கன் மட்டும், 'எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, 1736-லிருந்து இங்கேதான் இருக்கிறேன்' என்று தங்க முகத்தோடு சிரிக்கிறது. உள்ளே 2005. கெர்ன் செய்தது நேர்மையான புது ஆர்கன். அதற்கு நேர்மையான புது முகம் கொடுத்திருக்கலாம். அல்லது அந்த முகத்தில் ஒரு தழும்பாவது விட்டிருக்கலாம். லூபெக் நகரத்தில் மரியன்கிர்ஷே என்ற சர்ச் 1942-ல் எரிந்தது. பக்ஸ்டெஹூட வாசித்த ஆர்கன் போயிற்று. பிற்பாடு புது ஆர்கன்கள் வைத்தார்கள். ஆனால், அன்றைக்குக் கோபுரத்திலிருந்து விழுந்து உடைந்த மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். புது ஆர்கனில் எதை வாசித்தாலும், போகிற வழியில் அந்த மணிகளைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் வேறு வழி. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுகளில் எரிந்த பேராலயத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. மொட்டைச் சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் 1962-ல் புதுக் கட்டிடம், புது ஆர்கன். அங்கே எது பழசு, எது புதுசு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

பாரீஸில் நோத்ருதாம் எரிந்தபோது (2019 ஏப்ரல் 15) ஆர்கன் பிழைத்தது. ஏறத்தாழ 8,000 குழாய்களிலும் ஈயத்தூசி மட்டும். கழற்றி, துடைத்து, மாட்டி, மாதக்கணக்கில் சுருதி சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று ஆர்ச்பிஷப் எட்டு முறை அழைத்து அதை எழுப்பினார். தூங்குகிற குழந்தையை எழுப்புவது மாதிரி. அந்த ஆர்கனிலும் 18-ம் நூற்றாண்டுக் குழாய் உண்டு, 1868-ல் கவாயே-கோல் சேர்த்தது உண்டு, 20-ம் நூற்றாண்டுச் சமாச்சாரங்களும் உண்டு. கலப்படம்தான். ஆனால், ஒவ்வொரு காலமும் பழசை வைத்துக்கொண்டு சேர்த்தது. பழசு போல நடிக்கவில்லை.

*

இப்போது கிட்னிக்கு வருகிறேன்.

மாற்று உறுப்பு வைத்தால் டாக்டர்கள் முதலில் பார்ப்பது, உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதைத்தான். ஃபிராவென்கிர்ஷே இருபது வருஷமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்து உறவினர்கள் கேட்பது, கொடுத்தது யார் என்று. டேனியல் கெர்ன் எந்த ஊர்க்காரர் தெரியுமா? ஸ்ட்ராஸ்பர்க். காட்ஃப்ரீட் ஸில்பர்மான் அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்ட அதே ஊர். 1870-க்கும் 1945-க்கும் நடுவில் ஜெர்மனியும் பிரான்ஸும் நான்கு தடவை கை மாற்றிக்கொண்ட ஊர். அங்கிருந்து முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு தொழில் டிரெஸ்டனுக்குப் போனது. டிரெஸ்டனில் அது எரிந்தபோது, மறுபடியும் அங்கிருந்தே வந்திருக்கிறது.

இதையாவது வெளியில் தெரியும்படி வைத்திருக்கலாம். உள்ளே இருப்பது யார் குரல் என்று கேட்பவருக்குத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? தழும்பு தெரிகிற உடம்பைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. "எப்போ ஆபரேஷன் ஆச்சு, இப்போ எப்படி இருக்கீங்க?" என்றுதான் விசாரிக்கிறோம்.